புதுசா, பழசா? வண்டிச் சாமான்களின் நூறு வருடக் கதை

என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இன்னும் ஒரு அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800-ஓ நிற்கிறது. அதில் ஒரு சாமான் போய்விட்டால் முதலில் எழுகிற கேள்வி, புதுசு வாங்குவதா, பழசு வாங்குவதா என்பதுதான். மகன் "புதுசே போடுங்கப்பா" என்பான். மெக்கானிக் "பழசு நல்லதா ஒண்ணு கெடக்கு, பாக்கட்டுமா?" என்பார். வெறும் காசுத் தகராறு போலத் தோன்றும். உண்மையில் இதற்குப் பின்னால் ஒரு நூறு வருட வரலாறு இருக்கிறது. எந்தச் சாமானை நம்பலாம் என்பதைக் கப்பல்களும், உலகப் போரும், டில்லி உத்தரவுகளும், தொழிற்சாலை மூடல்களும் தீர்மானித்திருக்கின்றன. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு முடிவெடுப்பது கொஞ்சம் சுலபமாகும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

கப்பலில் வந்த காலம்

ஆரம்பத்தில் நம் நாட்டில் ஓடிய கார்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஃபோர்டு கம்பெனி 1926-ல் இங்கே தன் கிளை நிறுவனத்தைத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில், கப்பலில் பாகங்களாக வந்த வண்டிகளைக் கோத்து விற்க ஆரம்பித்தது. வண்டி இங்கே கோக்கப்பட்டாலும் சாமான் எல்லாம் கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

நம் தோவாளைத் தாலுகா அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருநெல்வேலி ஜில்லா, அதாவது பிரிட்டிஷ் இந்தியா. 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் பேருந்துச் சேவையைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த இ. ஜி. சால்ட்டர் என்பவரை அழைத்து வந்து பொறுப்பை ஒப்படைத்திருந்தார்கள். சேஸிஸும் டீசல் இஞ்சினும் இங்கிலாந்திலிருந்து வந்தன. மேலே உள்ள கூட்டை மட்டும் இங்கே கட்டினார்கள். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி என்று ஓடிய தடம் அதன் தொடக்ககாலத் தடங்களில் ஒன்று.

அடுத்த வருடமே உலகப் போர். கப்பல்கள் போர் வேலைக்குப் போய்விட்டன. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் பஸ்களுக்குக் கரி வாயுக் கருவி செய்து கொடுத்த காலம் அது. பெட்ரோலுக்குப் பதில் கரியைப் போட்டு ஓட்டலாம். உடைந்த பல்சக்கரத்துக்கு மாற்று ஏது? ஓடாமல் நிற்கும் வண்டியைப் பிரித்து, ஓடுகிற வண்டிக்குப் போடுவதுதான் வழி. பழைய சாமான் என்பது சிக்கனத்துக்காக அல்லாமல் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். போர் முடிந்ததும் ராணுவம் விட்டுச் சென்ற ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் சிலதை ஓட்டினார்கள், சிலதைப் பிரித்து விற்றார்கள்.

அநாதையான கார்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு டில்லி சர்க்கார் வைத்த கேள்வி ஒன்றுதான்: இங்கே வெறுமனே கோத்து விற்கப் போகிறீர்களா, சாமான்களையும் இங்கேயே செய்யப் போகிறீர்களா? 1953-ல் டாரிஃப் கமிஷன் கொடுத்த அறிக்கையை ஒட்டி, இங்கே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் என்று சர்க்கார் முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. அவர்கள் விற்ற ஃபோர்டும் செவர்லேயும் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. புதுச் சாமான் வேண்டுமென்றால் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை அந்தக் காலத்து ஆபீஸ் கோப்புகளைப் புரட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உலகத்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் கியூபா. 1960-களில் அமெரிக்கா வணிகத் தடை விதித்ததும், ஹவானா நகரில் ஓடிய அமெரிக்கக் கார்களுக்குப் புதுச் சாமான் நின்றுபோனது. அவர்கள் ரஷ்யக் கார்களின் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தி இன்றுவரை ஓட்டுகிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளும் சளைத்தவர்கள் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த 1960-களில், பெஜோ 203 என்ற பிரெஞ்சுக் காரை வைத்திருந்த ஒரு பெரியவரைத் தெரியும். பிரெஞ்சு ஆட்சி போனது, கப்பல் சாமானும் போனது. கடைசியில் அந்தக் காரில் பிரெஞ்சுக்காரன் செய்தது கூடும் கண்ணாடியும்தான் என்று அவரே சிரிப்பார். பழைய பொருளுக்குப் பிரெஞ்சில் 'ஒக்காசியோன்' என்று பெயர். 'வாய்ப்பு' என்பதற்கும் அதே சொல்தான். கிடைத்தபோது பிடித்துக்கொள் என்பதுபோல.

இரண்டு தெருக்கள்

சென்னையில் இந்த வரலாறு இரண்டு இடங்களில் கண்ணுக்குத் தெரியும். ஒன்று அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். மற்றது கூவத்துக்கு அந்தப் பக்கம், எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. பழைய சாமான்களின் ராஜ்யம். முன்னதில் பெட்டியும் பில்லும் இருக்கும். பின்னதில் முழுக் காரையே பிரித்து, கதவுகள் ஒரு பக்கம், கியர்பாக்ஸுகள் ஒரு பக்கம், ஹெட்லைட்டுகள் ஒரு பக்கம் என்று அடுக்கியிருப்பார்கள். ஒரு கடையில் கண்ணாடி மட்டும், இன்னொன்றில் சீட் மட்டும் என்று பிரிவினை உண்டு. உள்ளே போகிறவர் உடைந்த சாமானைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் வேலைக்காகாது.

பழைய இரும்பு விற்கும் இடத்தைக் காயலான் கடை என்று சென்னையில் சொல்கிறார்களே, அது நமக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் இந்த வியாபாரத்தில் தென்கோடிக்கும் ஒரு பங்கு உண்டு.

மாறாத காரின் லாபம்

லைசென்ஸ் காலத்தைக் குறை சொல்வோர் உண்டு. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கஷ்டம் நமக்கெல்லாம் தெரியும். ஆனால் பழைய கார் வைத்திருந்தவருக்கு அந்தக் காலம் ஒரு நன்மை செய்தது.

பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் தொடங்கிய கம்பெனி. கல்கத்தா அருகே உத்தர்பாராவில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, 1957-ல் அம்பாசடரைச் செய்ய ஆரம்பித்தார்கள். மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறியது, முகப்பு மாறியது, பிறகு இசுசு இஞ்சினும் வந்தது. உருவமும் அடிப்படைக் கட்டமைப்பும் 2014 வரை பெரிதாக மாறவில்லை. 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் பல பத்தாண்டுகள் ஓடியது. இதனால் என்ன ஆயிற்று? பத்து வருடம் முன்னால் செய்த ஒரு வண்டியின் சாமான் பெரும்பாலும் இன்றைய வண்டிக்கும் பொருந்தும். பிரித்துப் போட்ட ஒவ்வொரு அம்பாசடரும் ஓடுகிற ஆயிரம் அம்பாசடருக்குக் களஞ்சியம்.

புதுச் சாமானுக்கும் இதே லாபம்தான். ஒரே சாமானை முப்பது வருடம் செய்யலாம் என்றால் தொழிற்சாலை தொடங்க யாருக்கும் துணிச்சல் வரும். சென்னையைச் சுற்றி அது நடந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். என்று வரிசையாக வந்தன. சக்கரம், பிரேக், டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் நம் மாநிலத்திலேயே உருவாயின. நாகர்கோவில் கடையில் புதுசும் கிடைக்கும், பட்டறையில் பழசும் கிடைக்கும் என்ற சௌகரியம் அப்படி வந்ததுதான்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியும் உண்டு. சிலிண்டர் தேய்ந்தால் போரிங் போட்டு, 20, 40 என்று அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்துவது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்து, அதற்கேற்ற பேரிங்கைப் போடுவது. இது பழைய சாமானுக்குப் புது ஆயுசு கொடுப்பது. அந்தக் கார்களை வடிவமைத்தவர்களே இதற்கு இடம் வைத்துத்தான் செய்தார்கள். லேத் பட்டறைக்காரர்கள் பிழைத்ததும் இதனால்தான்.

தொழிற்சாலை மூடினால்

சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனியின் கதை நம் கேள்விக்கு நேரான பாடம். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிறகு 1972-ல் கேசல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. கடைசியில் வந்தது பெரிய கார். இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1-ஐ ஒட்டியது. விற்கவில்லை. 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. ஹெரால்டு வைத்திருந்தவர்கள் புதுப்பேட்டைக்கு அலைந்தார்கள். ஆனால் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் மிஞ்சிக் கிடந்த புதுச் சாமான்கள் என்ன ஆயின தெரியுமா? பிற்காலத்தில் ஏலத்துக்கு வந்து, ரோவர் சாமான் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி அவற்றை வாங்கியது. ஒரு காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த சாமான். இப்போது சென்னைச் சரக்கு அங்கே போனது. தொழிற்சாலை மூடியபின் பெட்டி பிரிக்காத அசல் சாமான் தங்கமாகிவிடுகிறது.

பத்மினிக்கு 2000-ஐ ஒட்டி இதே கதி. 2014-ல் இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். ஜனவரியில் மாருதி 800-ன் உற்பத்தி நின்றது. மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் வேலை நின்றது. மாருதி 800 இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேல் விற்ற கார், கம்பெனியும் ஓடுகிறது. அதனால் சாமானுக்கு உடனே பஞ்சம் வரவில்லை. அம்பாசடருக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ வாங்கியது. பிரெஞ்சு படித்த எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெயரைத்தான் வாங்கினார்கள், என் வண்டிக்கு ஒரு டோர் ஹேண்டில் வரவில்லை.

இந்த இடத்தில்தான் 'புதுசு' என்ற சொல்லின் அர்த்தம் மாறியது. இன்று அம்பாசடருக்குப் புதுச் சாமான் என்று கேட்டால் மூன்று விதமாக வரும். தொழிற்சாலை ஓடிய காலத்தில் செய்து கடையில் தங்கிப்போன அசல் ஒன்று. தொழிற்சாலைக்குச் சப்ளை செய்தவர்கள் தங்கள் பெயரிலேயே வெளியில் விற்பது இன்னொன்று. யாரோ எங்கோ பார்த்துச் செய்த லோக்கல் மூன்றாவது. மூன்றும் பளபளவென்று புதுப் பெட்டியில்தான் இருக்கும். ஒரு முறை என் வண்டிக்குப் புது வாட்டர் பம்ப் வாங்கினேன். நாலு மாதத்தில் ஒழுகியது. மெக்கானிக் பிரித்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து பழைய அசல் பம்பை எடுத்து, புது பேரிங்கும் புது சீலும் போட்டுப் பொருத்தினார். அது ஆறு வருடமாக ஓடுகிறது. உலோகம் அசல்; தேய்கிற பாகம் மட்டும் புதுசு.

ஓடுவதும் நிற்பதும்

என் மெக்கானிக் அடிக்கடி சொல்வது: "சாரே, ஓடதுக்கு உள்ளது பழசானாலும் சாரமில்ல. நிக்கதுக்கு உள்ளது புதுசா இருக்கணும்." யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பழைய ஸ்டார்ட்டர் காலை வாரினால் நாலு பேர் தள்ளுவார்கள். பழைய பிரேக் காலை வாரினால், ஆரல்வாய்மொழி ரோட்டில் எதிரே வருவது லாரி.

அதனால் கதவு, பானட், பம்பர், டிக்கி, கைப்பிடி, சீட், விளக்குக் கூடு, கண்ணாடி இவற்றைப் பழசில் தாராளமாக வாங்கலாம். குறை கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலத்துத் தகடும் கனம். கியர்பாக்ஸ், டைனமோ, ஸ்டார்ட்டர், டிஃபரன்ஷியல் இவற்றைப் பிரித்துப் பார்த்து வாங்கலாம். பல் தேய்மானமும் பேரிங் ஆட்டமும் கை வைத்தால் தெரிந்துவிடும். பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் மூட்டுகள், டயர் இவற்றில் பழசுக்கு இடமில்லை. இரும்பில் உள்ளே ஓடும் விரிசலும் ரப்பரின் முதுமையும் வெளியே தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரப்பருக்கு ஓடாவிட்டாலும் வயதாகும். பதினைந்து வருடம் கடை அலமாரியில் கிடந்த அசல் ஹோஸ் பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் பழசுதான். ஆகவே பழைய இருப்பில் உலோகத்தை வாங்கலாம், ரப்பரை வாங்கக் கூடாது. பிரேக் சாமானைத் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் பார்த்து, பில் போட்டு, பெயர் பெற்ற கம்பெனியில்தான் வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

பழைய சாமான் வியாபாரத்துக்கு ஒரு நிழல் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை நாடறிந்த பழைய சாமான் சந்தை. திருட்டு வண்டிகளைப் பிரிக்கிறார்கள் என்ற புகாரில் 2021 டிசம்பரில் போலீஸ் அதை மூடியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை உண்டு. பழைய கதவுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் பில் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இஞ்சின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இஞ்சின் நம்பர் ஆர்.சி.-யில் இருக்கிறது. வேறு இஞ்சினைப் பொருத்தினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பதிவை மாற்றியாக வேண்டும்.

நம் சர்க்கார் 2021 செப்டம்பரில், வண்டிகளை முறையாகப் பதிவு செய்த இடத்தில் பிரிப்பதற்கு விதிகள் கொண்டு வந்தது. நோக்கம் பழைய வண்டிகளைக் குறைப்பது. பிரான்ஸ் இன்னொரு பக்கத்திலிருந்து யோசித்தது. 2015-ல் ஒரு சட்டம், 2016 மே 30-ல் ஒரு ஆணை. 2017 ஜனவரி 1 முதல் அங்கே கார் பழுதுபார்ப்பவர், சில வகைச் சாமான்களுக்குப் பழசையும் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். எந்த வகைகள் என்று படித்துப் பார்த்தேன். கழற்றி மாட்டக்கூடிய கூட்டுப் பாகங்கள், உள்ளலங்காரம், ஒட்டாத கண்ணாடி, விளக்குகள், இயந்திர மற்றும் மின்னணுப் பாகங்கள். விலக்கு எவற்றுக்கு? ஸ்டீயரிங், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் தேய்மானப் பாகங்கள். பாரிஸில் அதிகாரிகள் உட்கார்ந்து எழுதிய பட்டியலும், தோவாளையில் என் மெக்கானிக் ஒரே வாக்கியத்தில் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இனி வரும் காலம்

வரலாறு திரும்பி வருகிறது. 1950-களில் போன ஃபோர்டு, 1990-களில் மறைமலை நகருக்குத் திரும்பி வந்து, 2021 செப்டம்பரில் மறுபடியும் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சர்வீஸும் சாமானும் தொடரும் என்றும் சொன்னது. இருந்தாலும் நம் பக்கத்தில் ஃபோர்டு கார் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போதே புதுசா, பழசா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பாடு நம்மைவிடச் சிரமம். நம் கார்களில் சாமானைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம், பிரித்துப் பார்க்கலாம். இன்றைய கார்களில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி போய்விட்டால், வேறு வண்டியிலிருந்து எடுத்த பெட்டி கம்ப்யூட்டரில் பதியாமல் வேலை செய்யாது.

என் அம்பாசடர் 1994-ல் பிறந்தது. நான் ஓய்வு பெற்ற 2009-ல் வாங்கினேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் உயர்ந்து, 2024-ல் நான் கட்டும்போது 5,000 ஆகிவிட்டது. அடுத்தது 2029-ல். கட்டணத்தைக் கட்டிவிடலாம். எனக்குள்ள கவலை வேறு. சாமானைக் கையில் வாங்கி, நகத்தால் சுரண்டி, காதருகே வைத்துச் சுற்றி, இது ஆகும், இது ஆகாது என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். என் மெக்கானிக்குக்கு அறுபது தாண்டிவிட்டது. பட்டறையில் கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட இல்லை.

அதனால் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தச் சாமான், எந்தத் தேதி, புதுசா பழசா, எங்கே வாங்கியது, எத்தனை நாள் உழைத்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் காரணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை விற்றாலும் அந்த நோட்டை வண்டியோடு கொடுத்துவிடுங்கள்.